ஒரு ‘க்’ எழுப்பும் சண்டை: இணையத்தில் பிறர் தமிழைத் திருத்துவது ஏன் உறுத்துகிறது?

பொங்கல் வந்தாலும் சித்திரை பிறந்தாலும் தமிழ்ச் சமூக ஊடகங்களில் ஒரு விவாதம் தவறாமல் திரும்பி வருகிறது. ஒருவர் ‘நல்வாழ்த்துக்கள்’ என்று எழுதுகிறார். நாலைந்து பேர் பதில் வாழ்த்துச் சொல்லி முடிப்பதற்குள் ஒருவர் வந்து, ‘வாழ்த்துகள் என்பதே சரி, க் வராது’ என்று எழுதிவிட்டுப் போகிறார். அடுத்தவர் இலக்கண விதி ஒன்றை எடுத்துவந்து ‘க்’ வரும் என்கிறார். மூன்றாமவர், ‘வாழ்த்துக் கள் என்றால் குடிக்கிற கள்ளா?’ என்று கேலி பேசுகிறார். வாழ்த்துச் சொன்னவர் இடையில் காணாமல் போகிறார். சில வேளைகளில் பதிவும் அவரோடு போய்விடுகிறது.

பிறர் எழுத்தில் உள்ள பிழையைப் பலர் முன்னிலையில் சுட்டுவது மொழிக்குச் செய்யும் தொண்டு என்று ஒரு சாராரும், அது வெறும் மேட்டிமை என்று இன்னொரு சாராரும் சொல்லிவருகிறார்கள். இரு தரப்பும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவதில்லை என்பதுதான் சிக்கல். தன்மையிலும் காரணத்திலும் வேறுபட்ட நான்கு சங்கதிகளுக்குப் ‘பிழை’ என்ற ஒரே பெயரைச் சூட்டிவிட்டு, நான்கையும் ஒரே குரலில் கண்டிக்கிறோம். அவற்றைப் பிரித்துப் பார்த்தால் சண்டையில் பாதி தானாகவே கழன்றுவிடும்.

பிழை என்ற சொல்லுக்குள் இருப்பவை

1. கைத்தவறு. எழுதுபவருக்குச் சரியான வடிவம் தெரியும். விரல் வேறு எழுத்தில் பட்டுவிட்டது, அல்லது கைபேசி தானாக ஒரு சொல்லை மாற்றிவிட்டது.

2. மயங்கொலிப் பிழை. ண, ன, ந. ல, ழ, ள. ர, ற ஆகிய எட்டு எழுத்துகளையும் பள்ளி இலக்கணம் மயங்கொலி எழுத்துகள் என்று சொல்கிறது. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை எழுதுவது இவ்வகை.

3. ஒற்றுப்பிழை. இரண்டு சொற்கள் சேரும் இடத்தில் க், ச், த், ப் ஆகிய வல்லின மெய்களை விட வேண்டிய இடத்தில் இடுவதும், இட வேண்டிய இடத்தில் விடுவதும். சந்திப்பிழை என்றும் சொல்வார்கள்.

4. வழக்கு வேறுபாடு. இரண்டு வடிவங்கள் புழங்கும்போது ஒன்றை மட்டும் சரி என்று கருதுவது, பேச்சுவடிவத்தை எழுத்தில் பிழை என்று எண்ணுவது, வேறு நாட்டுத் தமிழரின் எழுத்து மரபைத் தவறு என்று நினைப்பது ஆகியவை இதில் அடங்கும். கண்டிப்பாகச் சொன்னால் இது பிழையே அன்று.

முதல் வகைக்கு விளக்கம் தேவையில்லை. அதைத் திருத்துவதில் பயனும் இல்லை, எழுதியவருக்கே தெரியும் என்பதால். மற்ற மூன்றும் அப்படியல்ல.

காது கைவிட்ட எழுத்துகள்

மயங்கொலிப் பிழையைப் பார்த்ததும் ‘தமிழே தெரியாதவர்’ என்ற முடிவுக்கு வருவது எளிது. ஆனால் இவ்வகைப் பிழைகளின் ஊற்று அறியாமையைவிட ஆழத்தில் இருக்கிறது. எழுத்து முறை தனித்தனியாகக் காட்டும் பல ஒலிகளைப் பெரும்பாலான வட்டாரப் பேச்சுகள் ஒன்றாக்கிவிட்டன. ‘வாழைப்பழம்’ தென்மாவட்டங்களில் பலர் வாயில் ‘வாளப்பளம்’ ஆகிறது. சென்னைப் பேச்சில் அதுவே ‘வாயப்பயம்’ என்றும் கேட்கும். ர, ற வேறுபாடு குமரிப் பகுதியிலும் யாழ்ப்பாணத்திலும் ஓரளவு காதில் விழும். பிற இடங்களில் ‘அரை’யும் ‘அறை’யும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. எனவே இவற்றை எழுதுபவர் காதை நம்பி எழுத முடியாது, கண்ணில் பதிந்த நினைவை நம்பியே எழுத வேண்டும். நிறையத் தமிழ் அச்சைப் படித்தவருக்கு அந்த நினைவு இருக்கும். ஆங்கில வழியில் படித்து, வீட்டில் தமிழ் பேசி, இருபது வயதுக்கு மேல் கைபேசியில் தமிழ் எழுதத் தொடங்கியவருக்கு அது இருக்க வாய்ப்புக் குறைவு.

ந, ன இரண்டின் கதை வேறு. இங்கே காது உதவாவிட்டாலும் விதி உதவும். சொல்லின் முதலிலும் ‘த’வுக்கு முன்னும் ‘ந’ வரும், பிற இடங்களில் ‘ன’ வரும் என்பதை வைத்துக்கொண்டே பெரும்பாலான சொற்களைச் சரியாக எழுதிவிடலாம். சிக்கல் கூட்டுச்சொற்களில்தான். ‘தேநீர்’ என்பது தேயும் நீரும் சேர்ந்தது. நீர் என்ற சொல்லின் முதலெழுத்து அப்படியே இருக்கிறது. ‘தேனீர்’ என்று எழுதினால் தேன் கலந்த நீராகிவிடும். தேநீர்க் கடைப் பலகைகளில் தேன்நீர் விற்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக உண்டு; குடித்தவர் எவரும் ஏமாந்ததாகத் தெரியவில்லை.

எல்லா மயக்கமும் இப்படிச் சிரித்துக் கடக்கத்தக்கது அன்று. ‘மருந்தை உணவுக்குப் பின் உட்கொல்லவும்’ என்ற வரியில் கொள்வது கொல்வதாகிறது. ‘விளக்கு’ எழுதவேண்டிய இடத்தில் ‘விலக்கு’ வந்தால் தலைப்பே தலைகீழாகும்.

கைபேசியின் பங்கு

எழுதும் கருவியைப் பேசாமல் இந்த விவாதம் நிறைவு பெறாது. இன்று பெரும்பாலானோர் ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில், அதாவது ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழைப் பெறும் முறையில், எழுதுகிறார்கள். இம்முறையில் சிறிய ‘எல்’ லகரத்தையும் பெரிய ‘எல்’ ளகரத்தையும் தருவது வழக்கம். ணகரத்துக்கும் றகரத்துக்கும் அதே ஏற்பாடுதான். பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி எழுதுபவர் ஒவ்வொரு ளகரத்துக்கும் ஷிப்ட் விசையைத் தேடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. பரிந்துரைப் பட்டியலில் முதலில் நிற்பது எதுவோ அதுவே பதிவாகிறது. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் ல, ள, ழ ஒவ்வொன்றுக்கும் தனி விசை உண்டு. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளியும் தானாக விழும். இருந்தும், ஆங்கில விசைகளுக்கே பழகிய விரல்கள் அதன் பக்கம் அதிகம் திரும்பவில்லை.

திரையில் தெரியாத பிழைகளும் உண்டு. ‘ஔவையார்’ என்பதில் முதலெழுத்து ‘ஔ’ என்ற ஒற்றை உயிரெழுத்து. பலர் அதை ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்து ‘ஒளவையார்’ என்று எழுதுகிறார்கள். இரண்டும் திரையில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கு முதலாவது ஔவையார், இரண்டாவது ஒ-ள-வை-யார். ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாமல் போகலாம். துணைக்காலுக்குப் பதில் ரகரத்தை இட்டுக் ‘காலம்’ என்பதைக் ‘கரலம்’ ஆக்குவதும் இந்த இனமே. தேடலையே கெடுக்கும் இந்தப் பிழைகளை எந்தத் திருத்துநரும் கண்டிப்பதில்லை, கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால். எது அதிகம் கண்டிக்கப்படுகிறது என்பதற்கும் எது அதிகம் கெடுதி செய்கிறது என்பதற்கும் தொடர்பு அவ்வளவாக இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஒற்றின் பாடு

ஒற்றுப்பிழையில் ஒரு பகுதி பொருளைத் தொடும். ‘வேலை கொடு’ என்றால் பணி கொடு. ‘வேலைக் கொடு’ என்றால் வேல் என்ற ஆயுதத்தைக் கொடு. முருகனிடம் வேண்டும்போதும் முதலாளியிடம் கேட்கும்போதும் ஓர் எழுத்து வேறுபாடு இருந்தாக வேண்டும். ஆனால் ‘அந்த பையன்’ என்று எழுதினாலும் ‘அந்தப் பையன்’ என்று எழுதினாலும் எவருக்கும் பொருள் மயங்குவதில்லை. இரண்டாவதே விதிப்படி சரி. முதலாவதைப் படித்தவருக்கு நேரும் இழப்பு ஒன்றுமில்லை.

விதிகள் உண்மையிலேயே நுட்பமானவை. ‘புத்தகத்தைப் படித்தான்’, ‘கடைக்குப் போனான்’ என்று இரண்டாம், நான்காம் வேற்றுமை உருபுகளுக்குப் பின் வலி மிகும், அதாவது வல்லின ஒற்று வரும். ‘படித்த பையன்’, ‘ஓடிய குதிரை’ என்ற பெயரெச்சங்களுக்குப் பின் மிகாது. ஆனால் அதே குதிரை ஓட மறுத்தால் ‘ஓடாக் குதிரை’ என்று மிகும். ‘ஓடாத குதிரை’ என்றால் மறுபடியும் மிகாது. இவற்றைப் பள்ளியில் மனப்பாடம் செய்து தேர்வெழுதி மறந்தவர்கள்தாம் நம்மில் பெரும்பாலோர்.

இணையத் திருத்தம் இவ்விடத்தில் ஒரு பக்க விளைவை உண்டாக்கியிருக்கிறது. ‘ஒற்று விட்டுப்போனது’ என்று பலமுறை கண்டிக்கப்பட்டவர் விதியைக் கற்றுக்கொள்வதில்லை, பயத்தைக் கற்றுக்கொள்கிறார். அதன்பின் எதிர்ப்பட்ட இடமெல்லாம் ஒற்றை இறைக்கிறார். ‘எனக்குப் பிடித்தப் பாடல்’, ‘நேற்று வந்தப் பெண்’, ‘அதுப் போல’ என்பன இப்படிப் பிறந்தவை. மூன்றிலும் ஒற்று வரக்கூடாது. விட்டுப்போன ஒற்று பேச்சு வழக்கின் எளிமை. திணிக்கப்பட்ட ஒற்றோ பேச்சிலும் இல்லாதது, இலக்கணத்திலும் இல்லாதது. அது முழுக்க முழுக்கத் திருத்துநர்களின் படைப்பு.

முடிவாகாத வழக்குகள்

இப்போது ‘வாழ்த்துக்கள்’ சண்டைக்கு வரலாம். ‘க்’ வேண்டும் என்பவரின் வாதம் இது: ‘வாழ்த்து’ என்பது வன்தொடர்க் குற்றியலுகரம், அதாவது வல்லின மெய்யை அடுத்துக் குறுகி ஒலிக்கும் உகரத்தில் முடியும் சொல்; ‘பத்துப்பாட்டு’, ‘எட்டுத்தொகை’ போல அதன்பின் வல்லினம் மிக வேண்டும். வேண்டாம் என்பவர், அந்த விதி இரண்டு சொற்கள் புணரும் இடத்துக்கு உரியது, ‘கள்’ இங்கே தனிச்சொல் அன்று, பன்மை விகுதி மட்டுமே என்று மறுக்கிறார். இரண்டாவது வாதம் வலுவானது என்பதே இக்கட்டுரையின் கருத்து; அதனால்தான் இங்கே ‘எழுத்துகள்’ என்றே எழுதப்படுகிறது. ஆயினும் பழைய உரைநூல்களின் அச்சுப் பதிப்புகளிலேயே ‘எழுத்துக்கள்’ தாராளமாகக் காணப்படும் நிலையில், அப்படி எழுதும் ஒருவரைத் தமிழறியாதவர் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

‘நாட்கள்’ இன்னும் சுவையானது. ‘நாள்கள்’ என்பதே சரி, ‘நாட்கள்’ என்றால் நாட்பட்ட கள் என்று பொருளாகும் என்பது வழக்கமான திருத்தம். விகுதிக்கு முன் எழுத்துத் திரியாது என்பதுதான் காரணம் என்றால், ‘கற்கள்’, ‘பற்கள்’ ஆகியவற்றை என்ன செய்வது? ‘கல்கள்’, ‘பல்கள்’ என்று எவரும் எழுதுவதில்லையே. தனிக்குறிலை அடுத்த லகரம் திரியும், ‘கால்கள்’, ‘தோள்கள்’ போல நெடிலை அடுத்தவை திரியமாட்டா என்று ஒரு விளக்கம் தரப்படுகிறது. விளக்கம் பொருந்துகிறது. ஆனால் கள்ளைக் காட்டிக் கேலி செய்பவர்களில் எத்தனை பேர் இந்த விளக்கம் வரை போயிருப்பார்கள்? மிகுந்த உறுதியோடு திருத்தப்படுபவை பெரும்பாலும் இவ்வாறு இரு பக்கமும் வாதம் உள்ள வடிவங்களே. காரணம் எளிது: ஒரே வரியில் சொல்லக்கூடியதாக, கேலியோடு சேர்த்து நினைவில் வைக்கக்கூடியதாக இருப்பவை அவைதாம். வேற்றுமைப் புணர்ச்சியை ஒரு வரியில் கேலியாக்க முடியாது.

நாட்டு வேறுபாடும் இந்த வகையைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் ‘டொரண்டோ’ என்று எழுதுவதை ஈழத்தமிழர் ‘ரொறன்ரோ’ என்று எழுதுவது நெடுங்கால மரபு. ஆங்கிலத்தின் ‘டி’ ஒலி நுனிநா பல்லின் பின்மேட்டைத் தொடுவதால் பிறப்பது. தமிழ் டகரம் போல நா மடங்கிப் பிறப்பதில்லை. ஈழத்து எழுத்து அந்த வேறுபாட்டைப் பிடிக்க முயல்கிறது. இதைப் பார்த்துச் சென்னையிலோ கோவையிலோ இருந்து ஒருவர் ‘எழுத்துப்பிழை’ என்று எழுதும்போது, பிழை எழுதியவரிடம் இல்லை. அதேபோல ‘வர்றேன்’, ‘பண்ணிட்டாங்க’ என்று பேச்சை எழுதுவது பிழை அன்று. பேச்சுத்தமிழும் எழுத்துத்தமிழும் இரு வேறு விதித்தொகுதிகளால் இயங்குபவை.

அச்சகத்தில் இருந்த ஒருவர்

இவ்வளவு பிழைகள் முன்பு ஏன் கண்ணில் படவில்லை என்று மூத்தவர்கள் கேட்பதுண்டு. மக்கள் முன்பு பிழையின்றி எழுதியதாகக் கொள்ளத் தேவையில்லை. அஞ்சலட்டைகளையும் கடைக் கணக்கேடுகளையும் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அச்சுக்குப் போகும் எழுத்துக்கும் வாசகருக்கும் நடுவில் மெய்ப்புத் திருத்துநர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சிவப்பு மையால் ஓரத்தில் குறியிட்டுக் கொடுப்பார். எழுதியவரைத் தவிர வேறு எவருக்கும் அது தெரியாது. மறுநாள் வெளிவரும் பக்கத்தில் குறிகள் இரா. அவர் திருத்தம் மூன்று இயல்புகளைக் கொண்டிருந்தது: வெளியாவதற்கு முன் நடந்தது, தனிமையில் நடந்தது, அந்த வேலைக்கென்று அமர்த்தப்பட்டவரால் நடந்தது.

இணையம் அந்த நாற்காலியை எடுத்துவிட்டது. இப்போது திருத்தம் வெளியான பின் நடக்கிறது, எல்லோர் முன்னும் நடக்கிறது, எவரும் அமர்த்தாதவரால் நடக்கிறது. திருத்துபவர் தம்மைப் பழைய மெய்ப்புத் திருத்துநராகக் கருதிக்கொள்கிறார். திருத்தப்படுபவருக்கோ அவர் சந்தியில் நிறுத்திக் கேள்வி கேட்பவராகத் தெரிகிறார். விக்கிப்பீடியாவில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் நாளெல்லாம் திருத்துகிறார். அங்கே எவரும் புண்படுவதில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் திருத்துவது குற்றமாகப் பார்க்கப்படுவதில்லை. அந்தப் பக்கம் எவருடைய சொந்தமும் அன்று என்பதும், திருத்தம் கண்டிப்பாக அல்லாமல் மாற்றமாகவே நிகழ்கிறது என்பதும் காரணங்கள்.

தளங்களின் அமைப்புக்கும் இதில் பங்கு உண்டு. டுவிட்டரில் வெளியிட்ட பதிவைத் திருத்தும் வசதி 2022 வரை இல்லை. அதன்பின்னும் கட்டணம் செலுத்துவோருக்கே கிடைத்தது. வாட்ஸ்அப்பில் 2023 மே மாதம் அந்த வசதி வந்தது, அதுவும் அனுப்பிய 15 நிமிடங்களுக்குள். திருத்தவே முடியாத எழுத்தைத் திருத்தச் சொல்வதால் எழுத்து மாறப்போவதில்லை; எழுதியவரின் தலையில் ஒரு குட்டு விழுவது மட்டுமே நடக்கும்.

ஏன் சுடுகிறது?

உரையாடலில் திருத்தம் எப்படி நிகழ்கிறது என்பதை இமானுவேல் ஷெக்லோஃப், கெயில் ஜெஃபர்சன், ஹார்வி சாக்ஸ் ஆகிய மூவரும் 1977இல் வெளியான ஆய்வொன்றில் விரிவாகக் காட்டினார்கள். மனிதர்கள் நேரில் பேசும்போது, தவறு செய்தவரே திருத்திக்கொள்ள இடம் விடுவதே இயல்பு. கேட்பவர் உடனே குறுக்கிடுவதில்லை, ஒரு நொடி பொறுக்கிறார், தேவைப்பட்டால் ‘செவ்வாயா?’ என்பதுபோல ஐயமாகக் கேட்கிறார். பேசியவர் ‘ஆமாம், புதன்’ என்று தாமே மாற்றிக்கொள்கிறார். பிறர் நேரடியாகத் திருத்துவது அரிது; நிகழ்ந்தாலும் மென்மையாக நிகழும். திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் நாம் அறியாமலே கடைப்பிடிக்கும் இந்த நாகரிகம், எழுத்தாக வரும் பின்னூட்டத்தில் முற்றிலும் மறைந்துவிடுகிறது. பொறுக்கும் நொடி அங்கே இல்லை, கேள்வியின் தொனி இல்லை, முகக்குறிப்பும் இல்லை.

ஓர் இடத்தை நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். ஒருவர் இரவு இரண்டு மணிக்கு, ‘என் தந்தை சற்றுமுன் இரந்துவிட்டார்’ என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இடையின ரகரம் இட்டதால் அச்சொல்லுக்குப் பிச்சை கேட்டுவிட்டார் என்று பொருளாகிறது. பிழை ஐயத்துக்கு இடமில்லாதது, பொருளைக் கெடுப்பது, மறைந்தவரின் மதிப்பைத் தொடுவது. திருத்துவதற்கு இதைவிடத் தகுந்த பிழை கிடைக்காது. ஆனாலும் இரங்கல்களுக்கு நடுவே ‘வல்லின ற போடவும்’ என்று எழுதுபவரை ஊரே வெறுக்கும், அது நியாயமும்கூட. தனிச்செய்தியில் நெருங்கியவர் ஒருவர், ‘அண்ணா, அந்தச் சொல்லில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, நேரம் இருக்கும்போது மாற்றிவிடுங்கள்’ என்று சொல்லியிருந்தால் அதே திருத்தம் அக்கறையாக மாறியிருக்கும். திருத்தத்தின் சரி தவறு ஒன்று, திருத்தும் செயலின் சரி தவறு இன்னொன்று. முதலாவது இரண்டாவதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது.

தமிழில் கூடுதலாக ஒரு சுமையும் உண்டு. நம்மிடையே ஒருவர் ஆங்கிலத்தைப் பிழையாக எழுதினால் அவர் படிப்பை ஐயுறுகிறார்கள். தமிழைப் பிழையாக எழுதினால் அவர் பற்றையே ஐயுறுகிறார்கள். ‘தாய்மொழியைக்கூடச் சரியாக எழுதத் தெரியாதா?’ என்ற கேள்வியில் இலக்கணம் ஒரு பங்குதான். குற்றச்சாட்டு மூன்று பங்கு. தமிழைக் கைவிட்டு ஆங்கிலத்தில் எழுதுபவரிடம் எவரும் இப்படிக் கேட்பதில்லை. தமிழில் எழுத முயன்று தடுமாறுபவரே இந்தக் கேள்விக்கு ஆளாகிறார்.

நக்கீரரைத் துணைக்கு அழைக்கலாமா?

பிழை சுட்டுபவர்கள் நக்கீரரைத் தம் முன்னோராகச் சொல்லிக்கொள்வது வழக்கம். மற்றவர்கள் கேலியாக அவர்களை அப்பெயரால் அழைப்பதும் வழக்கம். ஆனால் திருவிளையாடல் கதையில் நக்கீரர் கண்டது எழுத்துப்பிழை அன்று. மங்கையர் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்ற பொருட்குற்றத்தைத்தான் அவர் பேசினார். அதுவும் பரிசுக்காக அவைக்கு வந்த செய்யுளில், அதை ஆராய அமர்ந்திருந்த அவையில். ஒற்றுக்காக நெற்றிக்கண்ணை எதிர்த்ததாகக் கதை இல்லை.

தமிழ் மரபின் திருத்துநர் கதைகள் பொதுவாகவே கொடூரமானவை. பிழைபடப் பாடியவர்களைக் குட்டுவதற்குப் பிள்ளைப் பாண்டியனும், காதை அறுப்பதற்கு வில்லிபுத்தூராரும், தலையை வெட்டுவதற்கு ஒட்டக்கூத்தரும் இப்போது இல்லையே என்று ஏங்கும் தனிப்பாடல் ஒன்று உண்டு. பிறர் நூலில் பிழை காணும்போதெல்லாம் எழுத்தாணியால் தம் தலையிலேயே குத்திக்கொண்டதாகச் சாத்தனாரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. எல்லாம் கதைகள்தாம் என்றாலும், திருத்துவதைத் தண்டிப்பதாக எண்ணும் மனப்போக்கு புதிதன்று என்பதைக் காட்டுகின்றன.

அதே மரபின் இலக்கண நூல்கள் இக்கதைகளைவிட நிதானமானவை. தமிழ் இலக்கணத்தில் வழு (பிழை), வழாநிலை (பிழையின்மை) என்ற இரண்டோடு மூன்றாவதாக வழுவமைதி என்று ஒன்று இருக்கிறது. விதிப்படி பிழையானாலும் காரணம் கருதி ஏற்றுக்கொள்ளப்படுவது அது. உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மாறலாம் என்கிறது நன்னூல். வீட்டுப் பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்று சொல்பவர் அஃறிணையை உயர்திணை ஆக்கிவிட்டார். அன்பினால் வந்தது என்பதால் இலக்கணம் அதை ஏற்கிறது. தஞ்சாவூர் தஞ்சையாகச் சுருங்குவதை மரூஉ என்று பெயரிட்டு இயல்பு வழக்கில் சேர்த்திருக்கிறது. எழுதியவர் ஏன் அப்படி எழுதினார் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யும் பழக்கம் இலக்கணிகளிடம் இருந்திருக்கிறது.

திருத்துபவரைப் பற்றி

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜூலி போலண்ட், ராபின் குயீன் இருவரும் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வீட்டில் உடன் தங்க ஆள் தேவை என்ற விளம்பரத்துக்கு வந்த மின்னஞ்சல்கள் எனச் சிலவற்றை 83 பேரிடம் படிக்கக் கொடுத்து, எழுதியவரைப் பற்றி மதிப்பிடச் சொன்னார்கள். சிலவற்றில் தட்டச்சுத் தவறுகளும், சிலவற்றில் நம் மயங்கொலிப் பிழையை ஒத்த ஆங்கிலப் பிழைகளும், அதாவது ஒலி ஒன்றாகவும் எழுத்து வேறாகவும் உள்ள சொற்களை மாற்றி எழுதியவையும், இருந்தன. படித்தவரின் குணவியல்புக்கும் தீர்ப்புக்கும் தொடர்பு இருந்தது. இணங்கிப்போகும் இயல்பு குறைந்தவர்கள் இரண்டாம் வகைப் பிழைகளைக் கூடுதல் கடுமையோடு பார்த்தார்கள். ஒரு பிழை எவ்வளவு உறுத்துகிறது என்பது படிப்பவரின் மனத்தையும் பொறுத்தது.

திருத்துபவருக்கென்றே ஒரு விதியும் உண்டு. ஆஸ்திரேலியப் பதிப்பாசிரியர் ஜான் பாங்சண்ட் 1992இல் அதை வகுத்தார்: பிறர் எழுத்தின் பிழையைக் கண்டித்து நீங்கள் எழுதும் வரியில் கட்டாயம் ஒரு பிழை இருக்கும். தவறக்கூடியது எதுவோ அது தவறியே தீரும் என்னும் மர்ஃபி விதியின் பெயரில் உள்ள எழுத்துகளை வேண்டுமென்றே இடம்மாற்றி ‘மஃப்ரி விதி’ என்று அதற்குப் பெயரும் வைத்தார். ‘எழுத்துபிழை உள்ளது, திருத்தவும்’ என்று வரும் பின்னூட்டங்களைத் தமிழில் பார்ப்பவர்கள் இவ்விதியின் உண்மையை நாள்தோறும் அறிவார்கள். இந்தக் கட்டுரையும் அதற்கு விலக்காகாது.

எங்கே சொல்லலாம், எங்கே கூடாது?

1. அரசு அறிவிப்பு, பாடநூல், செய்தித் தலைப்பு, மருந்துக் குறிப்பு, விளம்பரப் பலகை போன்றவை பொதுப்பணத்திலோ வணிக நோக்கிலோ வெளியாகின்றன. திருத்துநரை அமர்த்தும் வசதி அவற்றுக்கு உண்டு. இங்கே வெளிப்படையாகவே சுட்டலாம், சுட்டவும் வேண்டும்.

2. தனிமனிதரின் பதிவில் பொருள் மாறும் மயங்கொலிப் பிழை இருந்தால் தனிச்செய்தி போதும்.

3. தனிமனிதரின் ஒற்றுப்பிழையை, அவரே கேட்டாலன்றி, விட்டுவிடலாம். கேட்பவருக்கு நீச்சல்காரன் உருவாக்கிய நாவி சந்தித் திருத்தியையும் வாணி எழுத்துத் திருத்தியையும் காட்டிவிடலாம். இயந்திரம் திருத்தும்போது எவர் முகமும் வாடுவதில்லை.

4. இரு வடிவம் புழங்கும் இடத்தில் தம் விருப்பத்தைத் தம் எழுத்தில் கடைப்பிடிப்பதோடு நிறுத்திக்கொள்வதே முறை.

5. வாதத்தில் எதிராளியின் எழுத்துப்பிழையை எடுத்துப் பேசுவதற்குத் திருத்தம் என்ற பெயரே பொருந்தாது. அவர் சொன்ன கருத்துக்கு மறுமொழி இல்லை என்பதை ஒப்புக்கொள்ளும் வழி அது.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்?

எதையும் திருத்தாதீர்கள் என்று சொல்வதும் பொறுப்பில்லாத பேச்சு. கைபேசி விசைப்பலகையின் பரிந்துரைகள் மக்கள் எழுதிக் குவித்தவற்றிலிருந்தே உருவாகின்றன. ‘தேனீர்’ என்று போதிய பேர் எழுதினால் விசைப்பலகை அதையே முன்னால் நீட்டும். சரியாக எழுத நினைப்பவரும் அதைத் தொட்டுவிட்டுப் போவார். தமிழில் ஒரே வினையடி ஆயிரக்கணக்கான வடிவங்களாக விரிவதால், ஆங்கிலத்துக்குப்போல அகராதிப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு இயந்திரத்தால் எல்லாவற்றையும் சரிபார்க்கவும் முடியாது. மனிதக் கண்ணுக்கு இன்னும் நெடுநாள் வேலை இருக்கிறது.

ஆனால் மறுபக்கக் கணக்கு அதைவிடப் பெரியது. நான்கு முறை குட்டுப்பட்டவர் ஐந்தாம் முறை இலக்கண நூலைத் திறப்பதில்லை. ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார், அல்லது தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதத் தொடங்குகிறார். அங்கே அவருக்கு முழு விடுதலை. வல்லின றகரமும் இடையின ரகரமும் ஒரே எழுத்து. மூன்று சுழியும் இரண்டு சுழியும் ஒன்று. ழகரத்தை எப்படி எழுதுவது என்பதில் ஆளுக்கொரு முறை. நம் எழுத்தின் வேறுபாடுகளில் பாதி ஒரே அடியில் அழிந்துபோகும் அந்த இடத்தில் திருத்துநர் ஒருவரையும் காண முடியாது. அடுத்த தைத் திருநாளில் அதே மனிதர் ஆங்கில எழுத்தில் பொங்கல் வாழ்த்துச் சொல்லும்போது, அதில் ‘க்’ வருமா வராதா என்று எவரும் கேட்கப்போவதில்லை.